பனிக்காலத்தில் பவேரியா

ஐரோப்பாவைப் பார்ப்பதென்றால் கோடைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்று பிரயாண அநுபவம் உள்ளவர்கள் கூறுவார்கள். பள்ளிக்கூடத்து விடுமுறைக்கும் கையிருப்புக்கும் தக்கபடி யாத்திரை செய்கிறவர்களுக்கு அந்தப் புத்திமதி பயன்படாது. அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு, டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில், நாங்கள் தென் ஜெர்மனியிலுள்ள பவேரியா மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே உத்தியோகத்திலிருக்கும் எங்கள் தமக்கையின் புதல்வன் மோட்டார் ஓட்டினான்.

வடக்கே வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் தொடங்கி, தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஃபூஸன் என்ற ஊரில் முடியும் 460 கிலோ மீட்டர் பாதை ஒன்று உண்டு. 'ரொமான்டிக் ரோடு' என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு அது ஏதோ மன்னர் காலத்து ராஜபாட்டை என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். யுத்தத்தில் சீரழிந்து, உலகத்தாரிடம் கெட்ட பெயரும் வாங்கிய தேசத்துக்கு மறுபடியும் யாத்திரிகர்களை வரவழைப்பதற்காக, 1950-ஆம் ஆண்டில் வழியிலுள்ள ஊரார் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. எது பழையது, எது பழையது போலத் தோற்றமளிப்பது என்ற கேள்வி ஊருக்கு ஊர் எங்களைப் பின்தொடர்ந்து வந்தது.

பனிக்காலத்தில் மோட்டார் ஓட்டுவது அந்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். சாலையில் உறைபனி இருக்கும்போது அதற்கென்று செய்த டயர் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் கட்டையாக இறுகிவிடும். பனிக்கால டயரின் ரப்பர் மிருதுவாகவே இருந்து தரையைப் பற்றிக்கொள்ளும். டயரின் பக்கத்தில் மலையும் அதனுள் ஒரு பனித்துளியும் முத்திரையாகப் பதித்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் எழுகிறான். மாலை நாலரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறான். நம் ஊர்ச் சூரியன் அளவுக்கு உழைப்பதில்லை!

வூர்ட்ஸ்பர்க்கில் பார்க்க வேண்டியது ஆயர்களின் அரண்மனை. அந்தப் பிரதேசத்தை ஆண்ட கிறிஸ்தவ ஆயர்களுக்காக 1720-இல் தொடங்கிய கட்டிடம் இது. பால்தஸார் நோய்மன் என்ற சிற்பி அதன் பெரிய மாடிப்படிக்கு மேலே, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், விசாலமான வளைவுக் கூரை அமைத்தார். வெனிஸிலிருந்து வந்த டியப்போலோ 1752, 1753-ஆம் ஆண்டுகளில் அக்கூரை முழுவதும் நான்கு கண்டங்களைச் சித்திரமாகத் தீட்டினார். ஆசியா கண்டம் யானையின் மேல் அமர்ந்த பெண்ணாக வருகிறாள். ஒவ்வொரு படியாக ஏற ஏறச் சித்திரமும் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது.

1945-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி இரவு ஆங்கிலேய விமானங்கள் இந்த நகரத்தின்மீது குண்டு பொழிந்தன. சுமார் இருபதே நிமிஷம். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் மாண்டார்கள். பழைய நகரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சாம்பலாயிற்று. அரண்மனையின் மரக் கூரையும் எரிந்து விழுந்தது. நோய்மனின் கல் வளைவோ அவ்வளவு பாரத்தையும் தாங்கி நின்றது. வெற்றி பெற்ற படையுடன் வந்த ஸ்கில்டன் என்ற அமெரிக்க அதிகாரி, மழையில் சித்திரம் கரைந்துவிடாதபடி அதற்கு மேலே தற்காலிகக் கூரை போட ஏற்பாடு செய்தார். எதிரியின் வீட்டுச் சுவரைக் காப்பாற்றுவதற்காக மரம் தேடி அலைந்த அந்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது.

அங்கிருந்து ரோத்தன்பர்க். படம் போட்ட நாட்காட்டிகளில் நேயர்களில் பலர் இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். ஊரைச் சுற்றி மதில். மதிலின்மேல் ஓட்டுக் கூரை வேய்ந்த நடைபாதை. உள்ளே மரச் சட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய வீடுகள். எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெண்பனி. மதிலின்மேல் நடக்கும்போது சுவரில் வரிசையாகக் கற்பலகைகள் தென்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும், இத்தனை மீட்டர் என்ற கணக்கும் இருந்தன. ஜப்பானியர் பெயர்கள் கூட உண்டு.

விஷயம் இதுதான். 1945 மார்ச் 31-இல் விழுந்த குண்டுகளால் ஊரில் ஐந்தில் இரண்டு பங்கு அழிந்தது. மதிலிலும் ஒரு பகுதி இடிந்தது. அமெரிக்க யுத்த இலாகாவில் உயர்ந்த பதவியிலிருந்த மக்ளாய் என்பவர் இந்த ஊரின் பெருமையை அறிந்தவர். பீரங்கியால் எஞ்சியதையும் தகர்க்க வேண்டாம் என்று அவர் தலையிட்டார். உள்ளே இருந்த ஜெர்மானியத் தளபதியும், கடைசி மனிதன் வரை போரிட வேண்டும் என்ற ஹிட்லரின் கட்டளையைப் பொருட்படுத்தாமல் ஊரை ஒப்படைத்தார். பிறகு பல தேசத்தாரும் மீட்டர் கணக்கில் பணம் கொடுத்து மதிலை எழுப்பினார்கள். நாட்காட்டியில் நாம் காணும் 'புராதன' ஊரில் ஒரு பெரும் பகுதிக்கு நம்முடைய பெற்றோரின் வயதுதான் இருக்கும். அதனால் அதன் மதிப்புக் குறைந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. குடமுழுக்கும் திருப்பணியும் கண்ட கோயிலை நாம் புதிது என்றா சொல்கிறோம்?

ஆனால் இந்த அழகில் நெஞ்சை உறுத்தும் ஒரு பக்கமும் உண்டு. நாஜிகள் இவ்வூரையே உத்தமமான ஜெர்மானிய ஊர் என்று விளம்பரம் செய்து, தொழிலாளர்களை உல்லாசப் பிரயாணமாக அழைத்து வந்து காட்டினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ரபி மெயிர் என்ற யூத மகாபண்டிதர் வாழ்ந்த ஊர் இது. எஞ்சியிருந்த சில யூதர்களையும் 1938 அக்டோபரில் ஊரை விட்டுத் துரத்தினார்கள். தேசமெங்கும் யூதர்களின் ஆலயங்களுக்குத் தீ வைத்தது அதற்கு அடுத்த மாதத்தில்தான். இவ்வூர் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. யூதர் தெரு என்ற பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது. அதில் நடந்தபோது குழந்தைகள்கூடப் பேசாமல் வந்தார்கள்.

அவர்களைத் தேற்றியது 'பனிப்பந்து' என்னும் பலகாரம். சோமாசி மாவை நாடா நாடாவாக வெட்டி, உருண்டையாகச் சுருட்டி, பொரித்துச் சர்க்கரை தூவினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. ஒன்று தின்றால் போதும்.

டிங்கெல்ஸ்பூல் என்ற ஊர் யுத்தத்தில் சேதமில்லாமல் தப்பியது. இருட்டிவிட்டபடியால் அதன் வாயிலையும் விளக்குகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு நோர்ட்லிங்கன் போய்ச் சேர்ந்தோம்.

நோர்ட்லிங்கன் ஒரு குழிக்குள் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். சுமார் ஒன்றரைக் கோடி வருஷங்களுக்கு முன் விண்கல் ஒன்று விழுந்து, 24 கிலோ மீட்டர் அகலமுள்ள பள்ளத்தை உண்டாக்கியது. அதனுள் ஒரு ஊர். ஊரைச் சுற்றி முழு வட்டமாக மதில். நெடுங்காலமாக இதை எரிமலை வாய் என்றே எண்ணியிருந்தார்கள். ஷூமேக்கர், சாவ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-இல் இங்குள்ள கல்லை ஆராய்ந்து, பிரம்மாண்டமான மோதலின் அழுத்தத்தால் உண்டாகும் ஒருவகைத் தாது அதில் இருப்பதைக் கண்டார்கள். அதன் பிறகே உண்மை விளங்கிற்று. மாதா கோயிலின் 90 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தையும் அந்தக் கல்லால்தான் கட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் அதில் கலந்திருக்கின்றனவாம். சந்திரனுக்குப் போகவிருந்த அமெரிக்க வீரர்கள் 1970-இல் இங்கே வந்து கல்லைப் பற்றிப் பாடம் கற்றார்கள். இரவு பத்து மணிக்குக் கோபுரத்தின் உச்சியிலிருந்து காவற்காரர் ஒருவர் நீட்டி முழக்கிக் குரல் கொடுத்தார். பன்னிரண்டு மணி வரையில் அரை மணிக்கு ஒரு முறை இந்தக் குரல் கேட்கும். போர்வைக்குள் இருந்தபடி கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து அவுக்ஸ்பர்க். இவ்வூர் வணிகர்களுக்கும் நம் நாட்டுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1505-இல் போர்த்துக்கீசிய அல்மெய்டா மேலைக் கடற்கரைக்குக் கொண்டு வந்த கப்பல்களில் ஃபுக்கர், வெல்ஸர் முதலிய இவ்வூர்க் குடும்பங்கள் மிளகுக்காக முதல் போட்டிருந்தன. வெள்ளியிலும் செம்பிலும் பெரும்பொருள் குவித்த ஜேக்கப் ஃபுக்கர், 1521-இல் ஏழைகளுக்கென்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். வருஷ வாடகை ஒரு ரைன் கில்டர்; இன்றைய நாணயத்தில் 88 சென்ட். ஐந்நூறு வருஷமாக அதை உயர்த்தவில்லை! தினந்தோறும் மூன்று பிரார்த்தனை சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. தெருவில் விளக்கில்லாத காலத்தில் அவரவர் வீட்டைத் தடவியே அறிந்துகொள்வதற்காக, வாசல் மணியின் கைப்பிடிகளை வெவ்வேறு வடிவத்தில் செய்திருக்கிறார்கள். 1944 பிப்ரவரியில் குண்டு வீச்சில் இக்குடியிருப்பும் பெரும்பாலும் இடிந்தது. மறுபடி கட்டி, அதே வாடகைக்குக் கொடுத்தார்கள். அரண்மனைகளைப் பார்ப்பதற்கென்று புறப்பட்ட யாத்திரையில் எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது இந்தச் சிறிய வீடுகள்தான்.

தெற்கே போகப் போகப் பனி கனத்தது. தேவதாரு மரங்களின் கிளைகள் பனியின் பாரத்தால் தாழ்ந்து நின்றன. ஒரு திருப்பத்தில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் ஒரே வெள்ளைச் சுவராக எதிரே எழுந்தது. அதன் மடியில் நாய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை இருந்தது. உலகத்தில் கோட்டை என்றால் குழந்தைகள் வரையும் படம் இதுவே. ஆனால் நாங்கள் பார்த்தவற்றுள் இதுதான் வயதில் இளையது. பவேரியா அரசர் இரண்டாம் லுட்விக் 1869-இல் அஸ்திவாரக்கல் நாட்டினார். இதற்கு மாதிரி வரைந்தவர் நாடக மேடைக்குத் திரை எழுதும் சித்திரக்காரர் யாங்க். கற்சுவர்களுக்குள் இரும்புச் சட்டம், வெந்நீர்க் குழாய், மின்சார மணி எல்லாம் உண்டு. சிம்மாசன மண்டபம் இருக்கிறது, சிம்மாசனம் இல்லை. அரசர் இங்கே வாழ்ந்தது 172 நாட்களே. சித்தப்பிரமை என்று சொல்லி 1886 ஜூனில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். சில நாட்களில் அவரும், அவருக்குப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்த வைத்தியரும் ஓர் ஏரியில் பிணமாகக் கிடந்தனர். தம்மைத் தவிர யாரும் காணக் கூடாதென்று அவர் கட்டிய மாளிகையை ஏழு வாரங்களுக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபை இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இந்தக் கனவு மாளிகைக்கும் 1938-இன் நிழல் எட்டாமல் இல்லை. பாரிஸ் நகரத்து யூதக் குடும்பங்களிடம் கொள்ளையடித்த சித்திரங்களையும் நகைகளையும் நாஜிகள் இங்கேதான் பதுக்கினார்கள். யாரிடம் எதை எடுத்தோம் என்று ஒழுங்காகப் பதிவும் செய்து வைத்தார்கள். 1945 மே மாதம் ரோரிமர் என்ற அமெரிக்க அதிகாரி வந்து அந்தப் பதிவுகளோடு அறைகளைப் பூட்டி முத்திரையிட்டார். திருடியவர்களின் கணக்குப் புத்தகமே உடைமைக்காரர்களைத் தேட உதவிற்று.

மாளிகையை எதிரிலிருந்து பார்ப்பதற்கு ஆழமான பள்ளத்தாக்கின்மேல் ஒரு பாலம் உண்டு. உறைபனி காரணமாக அதை அன்று மூடியிருந்தார்கள். குதிரை வண்டிகள் மணியோசையுடன் இறங்கிக்கொண்டிருந்தன. உப்புத் தூவும் லாரி ஒன்று மேலே ஏறி வந்தது. மணி நாலு ஆகிவிட்டபடியால், இருட்டுவதற்கு முன் ஃபூஸன் போய்விட வேண்டும் என்று பிள்ளை அவசரப்படுத்தினான்.