கார்க் கதவு ஒலிபெருக்கியும் கிராஸ் ஓவரும்

பழைய கார் ஒன்றை வாங்கியதும் நம் பிள்ளைகள் முதலில் மாற்ற நினைப்பது கதவில் உள்ள ஒலிபெருக்கியைத்தான். ஓவர்டைம் செய்து சேர்த்த வெள்ளியைக் கொடுத்துப் புதியது வாங்கி, சில நாளிலேயே அது கருகிப் போய் நிற்பவர்களும் உண்டு. பணம் வீணாவதும் பாட்டு இனிப்பதும் பெரும்பாலும் வயர் இணைப்பையும் கிராஸ் ஓவர் என்னும் சிறு கருவியையும் பொறுத்தவை. அவற்றைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

மனிதக் காது நொடிக்கு ஏறக்குறைய 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஓசையைக் கேட்க வல்லது. உறுமியின் முழக்கம் குறைந்த அதிர்வு. ஜால்ராவின் ஓசை மிகுந்த அதிர்வு. முழக்கத்திற்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு ஆறரை அங்குலம் போன்ற அகன்ற கூம்பு தேவை. இதை வூஃபர் என்பார்கள். ஜால்ரா ஓசைக்கோ விரைந்து அதிரும் இலேசான சிறு மூடி போதும். அதன் அகலம் ஓர் அங்குலம் அளவே இருக்கும். இது டுவீட்டர். இதனுள் இருக்கும் கம்பிச் சுருள் மிக மெல்லியது. உறுமிக்குரிய மின்சாரம் அதில் பாய்ந்தால் சூடேறிக் கருகிவிடும்.

தோட்டத்துப் பெரட்டை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். செம்பனைக் குலை வெட்டுகிறவர் ஒருவர். உதிரிப் பழம் பொறுக்குகிறவர் இன்னொருவர். யாருக்கு எந்த வேலை என்று காலையிலேயே பிரித்துவிடுவார்கள். ஒலிபெருக்கிகளுக்கு அவ்வாறு வேலை பிரித்துக் கொடுப்பதே கிராஸ் ஓவர்.

இது எப்படிப் பிரிக்கிறது? இதனுள் முக்கியமானவை இரண்டு பொருள்கள். ஒன்று கெப்பாசிட்டர். இது குறைந்த அதிர்வுள்ள மின்சாரத்தைத் தடுத்து, மிகுந்த அதிர்வுள்ளதை விடும். ஆகவே டுவீட்டர் செல்லும் வழியில் இதை வைக்கிறார்கள். மற்றொன்று செம்புக் கம்பிச் சுருள். இதன் குணம் நேர்மாறானது. ஆகவே வூஃபர் செல்லும் வழியில் இருக்கிறது. 4 ஓம் டுவீட்டருடன் 10 மைக்ரோ ஃபராட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக இணைத்தால், பிரியும் இடம் ஏறக்குறைய 4,000 அதிர்வாக அமையும். அந்த இடத்தில் பாதி ஆற்றலே டுவீட்டருக்குச் செல்லும். 2,000 அதிர்வில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கூட்டல், கழித்தல் குறியில்லாத கெப்பாசிட்டரையே இதற்கு வாங்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியிலேயே கிராஸ் ஓவர் வந்திருந்தால் அதையே பயன்படுத்துவது நலம். அந்த ஜோடிக்காகவே அளந்து செய்தது அது.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்கென்று செய்யப்பட்ட வானொலி அதில் சூடேறிக் கெட்டுப்போகலாம். கிராஸ் ஓவர் வழியாக இணைத்தால் இருவரும் வெவ்வேறு வேலை செய்வதால், சுமை ஏறக்குறைய 4 ஓமாகவே இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிடுங்கள். கிராஸ் ஓவரில் மூன்று ஜோடி முனைகள் இருக்கும். வானொலியிலிருந்து வருவது ஒன்று, வூஃபருக்கு ஒன்று, டுவீட்டருக்கு ஒன்று. வூஃபர் முனையில் டுவீட்டரை மாட்டினால் பயனெல்லாம் போய்விடும். கூட்டல் கூட்டலோடும், கழித்தல் கழித்தலோடும் சேர வேண்டும். ஒரு கதவில் மாறிப்போனால், ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், முழக்கம் மெலிந்துவிடும். குறி தெரியாத வூஃபரைத் தனியே கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் கூட்டல் தொட்ட முனையே கூட்டல். டுவீட்டரில் இதைச் செய்யாதீர்கள். ஒலிபெருக்கி வயரைக் கார் உடம்பில் இணைப்பதும் கூடாது. இக்கால வானொலிகள் பலவற்றின் உள்ளுறுப்பு அதனால் எரிந்துவிடும்.

நம் நாட்டு மழையையும் மறவாதீர்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர், அடியிலுள்ள துளைகளால் வெளியேறுகிறது. அத்துளைகளை அடைக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியாதீர்கள். கிராஸ் ஓவரை நனையாத இடத்தில், காரின் உட்புறத்தில் பொருத்துங்கள். வயரைக் கதவுக்கும் உடம்புக்கும் நடுவேயுள்ள ரப்பர்க் குழாய் வழியாகக் கொண்டு செல்லுங்கள். கண்ணாடியை முழுதும் இறக்கி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பின்பே திருகுகளை முடுக்குங்கள். ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையே சந்து இருந்தால், கூம்பின் பின்புற ஓசை முன்புற ஓசையை அழித்துவிடும். நுரைப் பட்டை ஒட்டி அதை அடைத்தாலே முழக்கம் கூடும்.

பெட்டியில் அச்சிட்ட வாட்டைக் கண்டு மயங்க வேண்டாம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண வானொலி, காரின் 12 வோல்ட் பேட்டரியை நம்பி 4 ஓம் ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து 20 வாட் அளவில்தான் தர முடியும். தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பதானால், பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். வயர் எங்காவது தேய்ந்து தகட்டைத் தொட்டால், அந்தச் சிறு ஃபியூஸ்தான் காரையும் அதில் இருப்பவர்களையும் தீயிலிருந்து காப்பாற்றும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கதவைக் கழற்றுவதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். மின்சாரத்தைக் கையால் கற்கும் பாடம் அது. அருகில் அமர்ந்து, ஃபியூஸ் போட்டாயா, குறி பார்த்தாயா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பிள்ளைகளே, சத்தத்தைக் கூட்டும்போது பின்னால் வரும் லாரியின் ஹார்ன் காதில் விழும் அளவோடு நிறுத்துங்கள். பாட்டும் கேட்கட்டும், பயணமும் நலமாகட்டும்.