உங்களுக்குத் தெரியுமா? கணக்கு எழுதுகிறவர்களின் மனநிறைவு

• வேலையில் மனநிறைவு எதனால் வருகிறது என்று நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கும் ஆய்வு, கணக்கர்களிடமும் கேட்டு எழுதப்பட்டது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் சந்தித்துப் பேசி, 1959-ல் அதை நூலாக்கினார்கள். சம்பளம் குறைந்தால் மனம் கசக்கும். ஆனால் நிறைவைத் தருவது வேலையைச் செய்து முடித்த திருப்தி, அதற்குக் கிடைக்கும் மதிப்பு, நம்பி ஒப்படைக்கப்படும் பொறுப்பு என்பது அவர்கள் கண்டது.

• கொடைக்கானலில் விடுதிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பும் சீசனும் ஒன்றாக வந்து விழுகின்றன. மார்ச் 31-க்கான இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏப்ரல் கூட்டம் மலையேறிவிடும். அறை முன்பணம், ரத்தான பதிவுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை, சமையலறைச் சிட்டை, லாண்டரி பில் எல்லாம் அன்றன்றே ரொக்கப் புத்தகத்தில் ஏற வேண்டும். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற விடுதி என்றால் 11-ம் தேதி ஒரு கெடு, 20-ம் தேதி இன்னொன்று. பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால்தான் சீசனே வருகிறது. கணக்கெழுதும் பெண்ணின் பிள்ளைகளும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். ஒரே மேசை, ஒரே பேரேடு என்றாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சீசன் ஒன்றல்ல.

• முப்பதை ஒட்டிய வயதில் வேலை கசக்கிறதா? ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட், பீட்டர் வார் மூவரும் பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை அலசி 1996-ல் எழுதியது இது: வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓரளவு இருக்கும் நிறைவு மெல்லக் குறைந்து, 31 வயது வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு ஓய்வு பெறும்வரை ஏறுகிறது. எல்லா வகை வேலைகளுக்கும் பொதுவான கணக்கு அது.

• அடுத்த ஆண்டே கிளார்க் இன்னொன்றைக் கண்டார். குறைந்த ஊதியம் வாங்கியும் பிரிட்டன் பெண்கள் ஆண்களைவிட அதிக நிறைவோடு இருந்தார்கள். காரணம் எதிர்பார்ப்பு என்றார் அவர். கொஞ்சம் கிடைத்தாலே போதும் என்று வந்தவர்களுக்குக் கிடைத்தது பெரிதாகத் தெரிந்தது. இளம்பெண்கள், அதிகம் படித்தவர்கள், உயர்தொழில் செய்வோர், ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் ஆகியோரிடம் இந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆகவே, “நம்ம ஆபீஸ் பொண்ணுங்க யாரும் குறை சொல்றதில்லை” என்பதை நியாயம் நடக்கிறது என்பதற்குச் சாட்சியாக எந்த முதலாளியும் காட்டக்கூடாது.

• இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் தமிழ்ப்பெண். சென்னையில் 1907-ல் பிறந்த ஆர். சிவபோகம், விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டு ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். கணக்கியல் படிக்கும் எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது. 1933-ல் தேர்ச்சி பெற்றார். ஆனால் சிறை சென்றவர்கள் தணிக்கையாளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே நின்றது. வழக்காடி வென்று, 1937-ல் பதிவு பெற்றுத் தனியாகத் தொழில் நடத்தினார். 1950-களில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைவரானார். மண்டலக் குழு ஒன்றுக்குப் பெண் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. முதல் முயற்சியிலேயே இறுதித் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கென்று 1956-ல் பரிசும் ஏற்படுத்தினார். தனக்கு எளிதில் திறக்காத கதவைப் பின்னால் வருகிறவர்களுக்குத் திறந்து வைத்த பெரிய மனசு அது.

• உலகின் முதல் பெண் பட்டயக் கணக்காளர், லண்டனைச் சேர்ந்த மேரி ஹாரிஸ் ஸ்மித். 1891-ல் விண்ணப்பித்தார், பெண் என்பதால் மறுத்தார்கள். 1920-ல் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 75.

• ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பதவி பரம்பரை பரம்பரையாக ஆண்கள் கையில் இருந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் அதை ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர் பணி தேர்வெழுதிப் பெறும் வேலையானது. 1989-ல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடும் வந்தது.

• தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி மலையூர்கள் வரை பரவின. ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் எழுதுவது பெரும்பாலும் குழுவில் கொஞ்சம் படித்த ஒரு பெண். கூட்டத்தில் எல்லார் முன்னும் அவர் தொகையை வாசிப்பார். இருப்பு சரியாக வந்ததும் ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடுவார்கள். ஹெர்ஸ்பெர்க் சொன்ன மதிப்பும் பொறுப்பும் இங்கே கண்முன் கிடைக்கின்றன. உழைப்புக்கு ஏற்ற ஊதியம்தான் கிடைப்பதில்லை.



• தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் துறையில் 2017 திருத்தத்தில் வந்த 26 வாரம். கடை, அலுவலகம் என்றால் அதுவும் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில்தான். மலையூர் ஆடிட்டர் அலுவலகங்களில் நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். கருவூலத்தில் கணக்கு பார்க்கும் பெண்ணுக்கு ஓராண்டு உண்டு. அடுத்த தெருவில் டேலி மென்பொருளில் பதிவு போடும் பெண்ணுக்கு முதலாளி மனசு வைத்தால் உண்டு. ஆள் எண்ணிக்கை பார்க்காமல் இந்தச் சட்டம் எல்லாருக்கும் வர வேண்டும்.