எனக்கு என்ன பிடிக்கும்?



"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்வீர்களா? எனக்குச் சொல்லத் தெரியாது. இவருக்குக் காரக்குழம்பு, மாமியாருக்கு மிளகு ரசம், பையனுக்கு உருளைக்கிழங்கு வறுவல் என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். என்னைக் கேட்டால் மட்டும், "எதுவானாலும் சரி!" அப்படி இருந்த என்னை மாற்றியது பேனாக்கத்தி என்றால் சிரிப்பீர்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமான்களைப் பிரித்தபோது, "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார் பெரிய அண்ணன். வழக்கம் போல, "எதுவானாலும் சரிண்ணே" என்றேன். யாரும் கேட்காத அப்பாவின் மடக்குக் கத்தி என் கைக்கு வந்தது. எருமைக்கொம்புப் பிடி, இரும்பு அலகு. பள்ளிக்கூட நாளில் என் பென்சிலை அதில்தான் சீவித் தருவார்.

அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கத் தோன்றியது. திருவிழாக் கடையில் ஒன்று, பழைய சாமான் கடையில் இரண்டு. கொழுந்தனார் துபாயிலிருந்து சுவிஸ் கத்தி கொண்டுவந்தார். பாரீஸில் இருக்கும் நாத்தனார் லீவுக்கு புதுச்சேரி வந்தபோது 'ஓப்பினல்' கத்தி வாங்கி வந்தார். "பொம்பளைக்கு எதுக்குடி இத்தனை கத்தி?" என்று மாமியார் பயந்தே போனார். "நகை கேட்கலையே, விடும்மா" என்றார் இவர்.

எல்லாவற்றையும் அடுக்களையில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். கத்திரிக்கோல், திறப்பான் எல்லாம் உள்ள சுவிஸ் கத்திதான் உசத்தி என்று நினைத்திருந்தேன். ஆனால், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த என் நகத்தால் அதைத் திறக்க முடியவில்லை. அப்பா கத்தியில் வில் மட்டும்தான், பூட்டு கிடையாது. ஒருநாள் கொய்யா நறுக்கும்போது மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது.

ஓப்பினல் பிரான்சின் சவோய் பகுதியில் 1890ல் பிறந்தது. மரப்பிடி. 1955ல் அதில் ஒரு வளையம் சேர்த்தார்கள். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. என்னுடையது 8ம் எண். அலகு எட்டரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் பாந்தமாக அடங்கும். அதுவும் எவர்சில்வர் இல்லை. எலுமிச்சம்பழம் அரிந்தால் கறுத்துப் போகும். உடனே துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், கூர் வந்துவிடும். எனக்குப் பிடித்தது மரப்பிடி, பூட்டு, சின்ன அளவு, இரும்பு அலகு! இவ்வளவு தெளிவாக என் விருப்பத்தை நான் சொன்னதே இல்லை.

போன பொங்கலுக்கு அண்ணன் வந்தார். "அப்பா கத்தியைக் குடும்மா, பையன் கேக்கறான். உனக்குத்தான் எதுவானாலும் சரியாச்சே" என்றார். நெஞ்சு படபடத்தது. "இல்லண்ணே. மத்ததுல எது வேணும்னாலும் எடுத்துக்குங்க. இது எனக்கு வேணும்" என்றேன். அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு, "நீ வேணும்னு கேட்டு இப்பதாம்மா பாக்கறேன்" என்று சிரித்துவிட்டு, சுவிஸ் கத்தியை எடுத்துக்கொண்டார்.

காய் நறுக்க ஓப்பினல்தான். அப்பா கத்தி பீரோவில், என் புடவைக்கு அடியில் இருக்கிறது. கைக்குப் பிடித்தது வேறு, மனசுக்குப் பிடித்தது வேறு என்பதும் இப்போது புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இப்போது பாகற்காய்ப் பொரியல். யாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்! நீங்களும் கத்தியோ, கோலப் புத்தகமோ, ஏதாவது ஒன்றை உங்களுக்கென்று சேர்த்துப் பாருங்கள் தோழிகளே. கத்தி என்றால் மட்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

- ஒரு வாசகி, புதுச்சேரி.