சிரித்தோம், வாங்கினோமா?

தொலைக்காட்சியின் கோமாளி விளம்பரங்களைக் கண்டு வீடே சிரிக்கிறது. அச்சிரிப்பு வணிகருக்குக் காசாகிறதா? நாம் நீட்டுவது ஹலாலாக ஈட்டிய பணமாயிற்றே!

அமெரிக்காவில் பெட்ஸ்.காம் என்னும் நிறுவனம் செல்லப் பிராணிகளுக்கான தீனியை இணையம் வழி விற்றது. காலுறையில் செய்த நாய்ப் பொம்மை அதன் விளம்பரங்களில் கேலி பேசிற்று. 2000 ஜனவரியில் சூப்பர் பவுல் பந்தயத்தினிடையே பெரும்பொருள் கொட்டி அதனை ஒளிபரப்பினர். பொம்மையையே தனியாக விற்குமளவு புகழ் வந்தது! தீனியையோ அடக்க விலைக்கும் குறைத்து விற்றனர். மூட்டைகளை அனுப்பும் செலவு வேறு. அவ்வாண்டு நவம்பரில் கடை மூடப்பட்டது.

நம் நாட்டு ஃபெவிகால் பசை விளம்பரமோ வேறுவகை. குலுங்கியோடும் பேருந்தின் கூரையிலும் பக்கங்களிலும் ஆட்கள் அப்பியிருப்பர், ஒருவரும் விழார். சிரிப்பே சரக்கின் தன்மையில் பிறக்கிறது. பெயரை விட்டுவிட்டு அதனைப் பிறருக்குச் சொல்ல இயலாது. ஆயினும், ஒட்டிய பலகை பிரிந்திருந்தால் தச்சர் மறுமுறை வாங்கியிருப்பாரா?