தரவுத்தளம் இல்லாத வலைப்பதிவு

2008 அக்டோபரில் டாம் பிரஸ்டன்-வெர்னர் என்ற நிரலாளருக்கு வலைப்பதிவு மென்பொருள்கள் அலுத்துப்போயின. கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். வேர்ட்பிரஸ், மெஃபிஸ்டோ போன்றவற்றைப் பராமரிப்பதிலேயே நேரம் போனது, எழுத்து நடக்கவில்லை. நிரல் எழுதுவதைப் போலவே பதிவும் எழுதினால் என்ன என்று ரூபி மொழியில் ஒரு சிறு கருவியைச் செய்தார். அதுதான் ஜெக்கில்.

வேர்ட்பிரஸில் உங்கள் பதிவு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. வாசகர் வந்ததும் பிஎச்பி நிரல் ஓடி, தரவுத்தளத்திலிருந்து பதிவை எடுத்து, வார்ப்புருவில் பொருத்திப் பக்கத்தை அனுப்புகிறது. அடுத்தவர் வந்தால் மறுபடியும் அதே வேலை. பல ஆண்டுகளாக ஓர் எழுத்துகூட மாறாத பதிவுக்கும் இப்படித்தான். கேஷ் வைத்து இதைக் குறைக்கலாம். ஆனால் பராமரிக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

ஜெக்கிலில் பதிவு என்பது கணினியில் கிடக்கும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. கோப்பின் பெயரிலேயே தேதி. மேலே, மும்மூன்று சிறுகோடுகள் கொண்ட இரண்டு வரிகளுக்கு நடுவில் தலைப்பு முதலிய விவரங்கள், கீழே மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதிய கட்டுரை. கட்டளை கொடுத்தால் எல்லாப் பக்கங்களும் எச்டிஎம்எல் கோப்புகளாக ஒரே தடவையில் உருவாகிவிடும். அவற்றை அப்படியே சர்வரில் ஏற்றினால் போதும். அங்கே ஓடுவதற்கு உங்கள் நிரல் எதுவும் இல்லாததால், பழைய பிளகின் வழியாக யாராவது உள்ளே நுழைவார்களோ என்ற கவலையும் இல்லை.

இந்த யோசனை ஜெக்கிலுக்கு முன்பே இருந்தது. 2001இல் வந்த மூவபிள் டைப்பும் பக்கங்களை முன்கூட்டியே செய்துவைத்தது. பதிவுகள் பெருகியபோது, வார்ப்புருவில் செய்யும் சிறு திருத்தத்துக்கும் தளம் முழுவதையும் திரும்பக் கட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது. கோ மொழியில் எழுதப்பட்டு 2013இல் வந்த ஹியூகோவும் இதே வகைக் கருவி; அதன் பெரிய பலமே கட்டும் வேகம்தான்.

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. பின்னூட்டம், தேடல் இரண்டுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து, கைபேசியிலிருந்தும் எழுதும் இதழுக்கு நான் வேர்ட்பிரஸைத்தான் சொல்வேன். தனியாக எழுதுகிறவர், கட்டளை வரிக்கு அஞ்சாதவர் என்றால் உரைக்கோப்பே மேல். கருவி மாறினாலும் எழுத்து கையில் இருக்கும் என்பதை நான் வேகத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு ஒரு கட்டுப்பாடு தேவை: அந்தந்தக் கருவிக்கே உரிய சிறப்புக் குறிகளைக் கட்டுரைக்குள் தூவாதீர்கள். ஹியூகோவின் ஷார்ட்கோடு ஜெக்கிலுக்குப் புரியாது.

வேர்ட்பிரஸிலேயே தொடர்பவர்கள் 'கருவிகள்' பகுதியில் உள்ள ஏற்றுமதி வசதியால் பதிவுகளை அவ்வப்போது எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி வையுங்கள். அதில் படங்கள் வராது. அப்லோட்ஸ் கோப்புறையைத் தனியாக நகலெடுக்க வேண்டும்.