பாட்டி அடிச்சா கோல்!

'வெட்டரன்ஸ் ஃபுட்பால்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? ஒரு காலத்துல ஸ்டேடியத்தையே அதிர வெச்ச ஹீரோக்கள், இப்போ லேசா தொப்பையோட மூச்சு வாங்க ஓடுற சீன்தானே? கரெக்ட்தான். 1987-ல் பிரேசிலில் பீலே பெயரிலேயே அப்படி ஒரு கோப்பை நடந்தது. ஓய்வு பெற்ற சர்வதேச வீரர்கள் மோதினார்கள். பிரேசிலை அவங்க மண்ணுலயே கவிழ்த்து கப்பைத் தட்டிட்டுப் போனது அர்ஜென்டினா!

சரி, வாழ்க்கையில் ஒரு மேட்ச்கூட ஆடாதவங்க, அறுபது எழுபது வயசுல நேரா வெட்டரன்ஸ் டோர்னமென்ட்டுக்கு வந்து நின்னா எப்படி இருக்கும்? நின்னாங்க பாஸ். அந்தப் பாட்டிகளோட கதைதான் இது!

பந்து தானா வந்தது!

தென் ஆப்பிரிக்காவின் வடக்குக் கோடியில் இருக்கிறது லிம்போபோ மாகாணம். அங்கே பெக்கா ந்சான்விசி என்று ஒரு ரேடியோ அறிவிப்பாளர். புற்றுநோயோடு போராடி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். அங்கே பார்த்த வயசான அம்மாக்களின் நிலைமை அவரை என்னவோ பண்ணியது. பி.பி., சுகர், மூட்டுவலி ஒரு பக்கம். எய்ட்ஸ் நோய்க்குப் பெத்த பிள்ளைகளைப் பறிகொடுத்துட்டு, பேரப் பிள்ளைகளைத் தனியா வளர்க்கிற பாரம் இன்னொரு பக்கம்.

'சும்மா உட்காராதீங்க, வாங்க'ன்னு அவங்களைத் திரட்டி எக்சர்சைஸ் செய்ய வெச்சார் பெக்கா. ஒருநாள் பக்கத்துல ஆடிக்கிட்டிருந்த பசங்களோட பந்து உருண்டு வந்தது. ஒரு பாட்டி உதைக்கப் பார்த்தார். மிஸ்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆனா, பந்தை விடலை. அப்படிப் பிறந்ததுதான் 'வாக்கெகுலா வாக்கெகுலா' அணி. சிட்சோங்கா மொழியில் வாக்கெகுலா என்றால், பாட்டிமார்!

ஊர் சும்மா இருக்குமா? 'பேரன் பேத்தி எடுத்தவளுக்கு ஃபுட்பால் கேக்குதா'ன்னு கிண்டல். சர்ச் பக்கமிருந்தும் எதிர்ப்பு. பாட்டிகள் அசரலை. தலையில் துணி, இடுப்பில் பாவாடை, மேலே ஜெர்ஸி... கிளம்பிட்டாங்க!

விசில் அடிச்ச அமெரிக்கா

2010-ல் தென் ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பை. அதே ஜூலையில், ஃபைனல் முடிஞ்ச சூட்டோடு நம்ம பாட்டிகள் ஃப்ளைட் ஏறினாங்க. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லான்காஸ்டர் ஊரில் நடந்த 'வெட்டரன்ஸ் கப்' போட்டிக்கு. இவங்க ஆடுற வீடியோவைப் பார்த்துட்டு அழைச்சது, லெக்ஸிங்டன் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்கள் டீம். அந்த டீமில் ஆடிய ஜீன் டஃபி பிறகு இவங்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டார். பாட்டிகள் மைதானத்துக்குள் வந்ததே பாட்டும் ஆட்டமுமாத்தான்!

ஃபவுல் யாரோடது?

இங்கே கொஞ்சம் சீரியஸா ஒரு கணக்கு போடுவோமா? 2010-ல் எழுபது வயசான ஒரு பாட்டி பிறந்தது 1940-ல். தென் ஆப்பிரிக்கப் பெண்கள் அணி தன் முதல் சர்வதேச மேட்ச்சை ஆடியது 1993-ல். அப்போ பாட்டிக்கு வயசு 53! கறுப்பின மக்கள் எல்லாருக்கும் ஓட்டு கிடைச்சது 1994-ல். அப்போ 54! எப்போ ஆட, எப்போ ரிட்டயர் ஆக?

'அது ஆப்பிரிக்காப்பா'ன்னு சொல்லாதீங்க. பெண்கள் தங்கள் மைதானங்களில் ஆட இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் 1921-ல் போட்ட தடை, ஐம்பது வருஷம் இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. ஃபுட்பாலே உயிர்னு சொல்ற பிரேசிலில் 1941-ல் வந்த தடை 1979-ல்தான் போச்சு. பீலே கோப்பை நடக்கிறதுக்கு வெறும் எட்டு வருஷம் முன்னாடி! தாத்தாக்கள் ரிட்டயர் ஆகி ரெண்டாவது இன்னிங்ஸ் ஆடினாங்க. பாட்டிகளுக்கு முதல் இன்னிங்ஸே கொடுக்கலை. இதுதான் மேட்டர்.

அதனாலதான் அடுத்து நடந்தது சூப்பர். 2023 மார்ச்சில் பெக்காவே தன் ஊர்ப் பக்கம் பாட்டிகளுக்கான சர்வதேச டோர்னமென்ட் நடத்திட்டார். அமெரிக்கா, பிரான்ஸ், டோகோ என்று எங்கிருந்தெல்லாமோ டீம்கள். 2025-ல் மறுபடியும்! விருந்தாளியா போன பாட்டிகள் இப்போ விருந்து வைக்கிறாங்க.

எக்ஸ்ட்ரா டைம்

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ப்ளஸ் டூ வரைக்கும் நான் லெஃப்ட் விங். இன்ஜினீயரிங் சேர்ந்ததும் ஷூ கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. 'அதெல்லாம் ஸ்கூலோட முடிஞ்சுது மச்சி'ன்னு டயலாக் வேற. இருபது வயசுல ரிட்டயர்மென்ட்! இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போது வெட்கமா போச்சு.

அப்பத்தாவுக்கு போன் போட்டேன். "நீ சின்ன வயசுல என்ன விளையாடுவே?"

"கிட்டிப்புள்ளுதான். நான் அடிச்சா கம்மாய்க்கரை தாண்டிப் போகும்."

"அப்புறம் ஏன் விட்டே?"

"நானா எங்கடா விட்டேன்? வயசுக்கு வந்ததும் குச்சியைப் புடுங்கிட்டாக."

எனக்குப் பேச்சு வரலை. நீங்களும் இன்னிக்கு ராத்திரி உங்க பாட்டிகிட்ட இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. நான்? லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கிட்டிப்புள் செதுக்கி எடுத்துட்டுப் போறேன். முதல் அடி அப்பத்தாவோடது!