கல்லைப் படிக்கக் கடற்கரைக்கு

நிலவியல் பயிலும் பிள்ளைகள் உள்ள நம்மவர் இல்லங்களில் ஆண்டுக்கொரு முறை ஒரு சிறு வாக்குவாதம் எழுவதுண்டு. ஒரு வார காலம் மாணாக்கரை வெளியூருக்கு அழைத்துச் செல்லப் போகிறார்கள், அதற்கு இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று பிள்ளை வந்து சொல்லும். “கடற்கரையில் கல்லைப் பார்ப்பதற்கா இத்தனை செலவு? உல்லாசப் பயணம் என்று நேராகவே சொல்லலாமே!” என்பார் தந்தையார். பெண்பிள்ளையாயின் தாயாரின் கவலை வேறு விதமானது. பிறந்த ஊரை விட்டு மைசூரில் வந்து குடியமர்ந்து, ஒருவர் சம்பளத்தில் வாடகையும் படிப்பும் நடத்துகிற குடும்பங்களில் இக்கேள்வி எழுவது நியாயமே. ஆயினும் போக வேண்டாம் என்று தடுப்பதால் அப்பிள்ளை எதை இழக்கிறது என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பெரியவர்கள் பூகர்ப்ப சாஸ்திரம் என்று வழங்கிய இக்கல்வி, நோயாளியைக் காணாமல் வைத்தியம் கற்க இயலாதது போலவே, நிலத்தைக் காணாமல் கற்க இயலாதது. ஆய்வுச்சாலையில் கைப்பிடியளவு கல்லைக் கொடுத்தால் மாணவன் அதன் பெயரைச் சொல்லிவிடுவான். அக்கல் எப்பாறையின் மேல் கிடந்தது, எதை ஊடுருவி நின்றது, எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதைச் சொல்ல அவனுக்கு வழியில்லை. களத்திலோ, சுத்தியலும் கைவில்லையும் சாய்வுமானி பொருந்திய திசைகாட்டியும் நோட்டுப் புத்தகமும் ஏந்தி, பகலெல்லாம் வெயிலில் நடந்து அளந்து, இரவில் விளக்கடியில் அமர்ந்து தான் கண்டதைத் தானே படமாக வரைகிறான். அவ்வாறு பிழையின்றி ஒரு படம் வரைந்த மாணவனே நிலவியல் கற்றவன் என்பது எம் துணிபு.

உள்நாட்டில் மண்ணும் பயிரும் வீடுகளும் பாறையை மூடிக்கிடக்கின்றன. கடலோரத்தில் அலையே அதைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறது. 1788ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து ஜேம்ஸ் ஹட்டன் என்னும் அறிஞர், நண்பர் இருவருடன் படகேறிச் சென்று சிக்கார் முனை என்னும் கடலோரப் பாறையைக் கண்டார். செங்குத்தாக நின்ற பழம்பாறை அடுக்குகளின் தலைமீது வேறோர் அடுக்கு ஏறக்குறையக் கிடையாகப் படிந்திருந்தது. இவ்விரண்டிற்கும் இடையே கழிந்த காலம் மனிதக் கணக்குக்கு அடங்காதது என்று அன்று உணரப்பட்டது. இன்றும் மாணாக்கர் அவ்விடத்தை நாடிச் செல்கின்றனர்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மைசூரிலிருந்து மடிக்கேரி, சம்பாஜே மலைப்பாதை வழியே மங்களூருக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். புறப்படும் இடத்திலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. மானசகங்கோத்ரியில் உள்ள மைசூர்ப் பல்கலைக்கழகத்துப் புவி அறிவியல் துறையிலிருந்து பார்த்தால் தெரிகின்ற சாமுண்டி மலை, சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய குழம்பாக மேலெழுந்து உறைந்த கருங்கல். 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜர் காலத்தில் நந்தியைச் செதுக்கியதும் அம்மலையின் பாறையிலேதான். அதைச் சூழ்ந்த தரைப்பாறையோ 300 கோடி ஆண்டு வயதினது. நாம் வாரந்தோறும் தரிசனத்திற்கு ஏறும் படிகளுக்கடியில் இத்தகைய வரலாறு கிடக்கிறது!

மலை இறங்கியதும் மண் சிவக்கிறது. பெருமழையும் வெப்பமும் சேர்ந்து பாறையின் கரையும் சத்துகளைக் கழுவிவிட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிச் செம்புறைக்கல் ஆகிறது. வெட்டும்போது மெத்தென்றிருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் இக்கல்லால்தான் அப்பிரதேசத்து வீடுகளெல்லாம் எழுந்திருக்கின்றன. திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருடம், 1800இல், மைசூர்ச் சீமையைச் சுற்றிப் பார்க்க அனுப்பப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் இதைக் கண்டு, செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். உலகெங்கும் பாடநூல்களில் வழங்கும் அப்பெயர் நம் அண்டை நாட்டில் பிறந்தது.

மங்களூரில் நேத்திராவதியும் குருபுர நதியும் கூடிக் கடலில் விழுமிடத்தில் இருபுறமும் மணல் நாக்குகள் நீண்டிருக்கின்றன. அங்கே மாணாக்கர் மணலைச் சல்லடையிட்டுப் பருமன் பிரிக்கின்றனர். கரையின் சரிவை அளக்கின்றனர். தெற்கே உள்ளாலில் கடலரிப்பால் வீடிழந்த மீனவர் குடியிருப்புகளையும், அதைத் தடுக்கக் கொட்டிய பாறைச் சுவர்களையும் காண்கின்றனர். சென்னையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. துறைமுகச் சுவர் எழுந்த பின் அதன் தெற்கே மெரினாவில் மணல் குவிந்து அகன்றதும், வடக்கே இராயபுரத்துக் கரை அரிபட்டதும் ஒரே காரணத்தால் விளைந்த இரு விளைவுகள் அல்லவா? கரையோரமாக நகரும் மணலை ஓரிடத்தில் மறித்தால் மற்றோரிடம் அதற்கு விலை கொடுக்கும். நாளை துறைமுகமோ பாலமோ கட்டப் போகும் பிள்ளை இதைக் கண்ணால் கண்டிருத்தல் அவசியம்.

வடக்கே சென்றால் காப்புக் கடற்கரையில் 1901இல் கட்டிய கலங்கரை விளக்கம் பாறையொன்றின்மேல் நிற்கிறது. அதனையும் தாண்டி உடுப்பியை அடுத்த மால்பேயிலிருந்து படகேறினால் செயின்ட் மேரித் தீவுகள். இப்பயணத்தின் சிகரம் இதுவே. மணலுக்குப் பதிலாகச் சிப்பித் துண்டுகள் நிறைந்த கரை. அதன்மேல் தச்சன் இழைத்தடுக்கியது போன்று, ஐந்தும் ஆறும் ஏழுமாகப் பக்கங்கள் கொண்ட கல்தூண்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடித்ததால் விளைந்த உருவங்கள் இவை. வற்றிய ஏரிச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். வட அயர்லாந்தில் பேர்பெற்ற ‘இராட்சதர் பாதை’யும் இவ்வகையினதே, ஆனால் அது கரிய பசால்ட்டுப் பாறை, மால்பேயினது சிலிகா மிகுந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இத்தீவைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆகையால் அங்கே சுத்தியலுக்கு வேலையில்லை. ஒரு சில்லைக்கூட எடுத்து வருதல் தகாது.

இத்தூண்களின் வயது ஒன்பது கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. மடகாஸ்கர் தீவு இந்தியாவோடு ஒட்டிக்கிடந்து பின் பிரிந்த காலத்தில் எழுந்த குழம்பு இது என்று அறிஞர் கொள்கின்றனர். அப்பிளவின் விளிம்பு உயர்ந்தே நம் மேற்குமலைத் தொடர் உண்டாயிற்று. நிலம் கிழக்கே சாய்ந்தது என்றும் கூறுவர். அதனாலன்றோ, அரபிக் கடலுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் தலைக்காவேரியில் பிறக்கும் பொன்னி, பக்கத்துக் கடலை விட்டுவிட்டுச் சுமார் 800 கிலோமீட்டர் நடந்து, நம் மைசூர் மண்ணை நனைத்துத் தஞ்சைக்கு வந்து சேருகிறாள்! மேற்கே விழும் ஆறுகள் குறுகியவை. அவற்றுக்குப் பெரிய கழிமுகச் சமவெளியும் இல்லை. தஞ்சையின் நெல்லுக்கும் மால்பேயின் கல்லுக்கும் உள்ள இவ்வுறவை அத்தீவில் நின்று ஆசிரியர் சொல்லக் கேட்ட மாணவன் எக்காலத்தும் மறவான்.

பெண்பிள்ளைகளைக் குறித்து ஒரு வார்த்தை. 1983இல் புறப்பட்ட இந்தியப் பயணக் குழுவில் அண்டார்க்டிகாவுக்குச் சென்ற முதல் இந்தியப் பெண்கள் இருவரில் சுதீப்தா சென்குப்தா நிலவியலாரே. பனிக்கண்டத்துக்குப் பெண் போயிருக்க, மால்பேக்குப் போவதற்கா தடை? ஆயினும் பெற்றோர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. உடன் வரும் ஆசிரியைகள் யாவர், தங்குமிடம் எது, படகில் மிதவைச் சட்டை உண்டா, ஓத நேரம் பார்த்துத்தான் பாறைக்கு இறங்குவார்களா என்று கேட்டறிவது அவர்கள் உரிமை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் தீவுக்குப் படகு விடுவதில்லை. மற்ற மாதங்களிலும் வழுக்கும் பாறையில் நின்று படமெடுக்கப் போய் அலையில் வீழ்ந்து இறந்த மாணவர்கள் உண்டு. இக்கேள்விகளுக்குத் திருத்தமான விடை தராத ஏற்பாட்டிற்குப் பணம் கட்டாதிருப்பதே நன்று.

செலவு இயலாத குடும்பங்களும் இருக்கும். அவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு நாள் தங்கலாம். இன்று கடல் எட்டாத அவ்வட்டாரம் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது. சிமெண்டுக்காகத் தோண்டும் சுண்ணாம்புப் பாறையில் கடற்பிராணிகளின் கல்வடிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் கண்டு உலகறியச் செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, 1851இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு இந்தியரில் முதன்முதலாகத் தலைவரானவர். பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவுநாடாவும் கொடுத்து, அம்மரத்தை அடியிலிருந்து நுனிவரை அளந்து வரையச் சொல்லுங்கள். நிழலுக்குக் குடையையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.